கணக்குக் கேட்கப்படுவது யாரிடம்? மாசச்சூசெட்ஸ் கல்விச் சட்டம் குறித்த ஒரு திறனாய்வு

பள்ளிகளில் கற்பிக்க வேண்டிய பாடத்தரத்தை அரசே வகுத்தல், அத்தரத்தைப் பொதுத் தேர்வினால் அளத்தல், அளவின் முடிவைக் கொண்டு பள்ளிகளிடம் கணக்குக் கேட்டல் ஆகிய மூன்றையும் ஒரே சட்டத்தில் பிணைக்கும் வழக்கம் கடந்த நாற்பது ஆண்டுகளில் ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மாநிலங்களில் வேரூன்றிவிட்டது. அவ்வகைச் சட்டங்களுள் மிகவும் புகழப்பட்டது மாசச்சூசெட்ஸ் மாநிலம் 1993ஆம் ஆண்டில் இயற்றிய கல்விச் சீர்திருத்தச் சட்டமாகும். வேற்று நாட்டுக் கல்விச் சட்டமொன்றை இறையியல் ஏட்டில் ஆராய்வது எதற்காக என்று வாசகர் வினவக்கூடும். அச்சட்டத்தின் நடுநாயகமாக விளங்கும் கருத்து, நம் வேதாகமத் தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ஒன்று. உக்கிராணக்காரன் தன் கணக்கை ஒப்புவித்தல் என்று லூக்கா 16இல் நாம் வாசிப்பதே அது. அன்றியும், 1816இல் யாழ்ப்பாணத்திற்கும் 1834இல் மதுரைக்கும் வந்து, ஆலயத்தை எழுப்புமுன்னரே பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய அமெரிக்க மிஷனார், பாஸ்டன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கத்தாரால் அனுப்பப்பட்டவர்கள். பள்ளி நடத்துவது சமுதாயத்தின் கடமை என்னும் எண்ணத்தை அவர்கள் இம்மாநிலத்தின் மரபிலிருந்தே பெற்றுவந்தனர். எனவே அம்மரபு தன் சொந்த மண்ணில் என்னவாயிற்று என்று அறிவது நமக்கு அயலான ஆராய்ச்சியன்று.

மரபின் தொடக்கத்தைச் சற்று விரிவாகவே காண வேண்டும். மாசச்சூசெட்ஸ் குடியேற்றத்தின் பொதுமன்றம் (அம்மாநிலச் சட்டமன்றத்திற்கு இன்றும் அதுவே பெயர்) 1642ஆம் ஆண்டில் ஓர் ஆணை பிறப்பித்தது. பிள்ளைகள் வாசிக்கவும், சமயத்தின் அடிப்படை உண்மைகளையும் நாட்டின் முக்கியமான சட்டங்களையும் உணர்ந்துகொள்ளவும் தக்கவராக வளர்க்கப்படுகின்றனரா என்று ஊர்ப் பெரியோர் அவ்வப்போது விசாரிக்க வேண்டும் என்பது அதன் சாரம். விசாரணை யாரை நோக்கியது என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. பிள்ளை வாசிக்கத் தெரியாதிருந்தால் அபராதம் விதிக்கப்பட்டது பெற்றோருக்கும், பிள்ளையைத் தொழில் பழக வைத்திருந்த எசமானருக்குமே. ஐந்து ஆண்டுகள் கழித்து, 1647 நவம்பரில், அதே மன்றம் மற்றொரு சட்டத்தை இயற்றியது. மனிதர் திருமறையை அறியாதபடி தடுப்பதே பழைய வஞ்சகனாகிய சாத்தானின் நோக்கம் என்னும் முன்னுரையால் அது வரலாற்றில் இடம் பெற்றுவிட்டது. ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர், எழுதவும் வாசிக்கவும் கற்பிக்க ஓர் ஆசிரியரை அமர்த்த வேண்டும். நூறு குடும்பங்கள் உள்ள ஊர், மாணவரைப் பல்கலைக்கழகத்திற்கு ஆயத்தப்படுத்தும் இலக்கணப் பள்ளியை நிறுவ வேண்டும். ஓராண்டு தவறினால் ஊர் முழுவதும் சேர்ந்து ஐந்து பவுன் அபராதம் செலுத்த வேண்டும்.

இச்சட்டத்தை நாம் அளவுக்கு மீறிப் போற்ற வேண்டியதில்லை. பியூரிட்டானியரின் சமயக் கண்டிப்பு எத்தகையது என்பது திருச்சபை வரலாறு கற்ற நம் மாணவர் அறிந்ததே. அவர்களுடைய இலக்கணப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளுக்கு இடமிருக்கவில்லை. பள்ளி நடத்துவதைவிட அபராதத்தைக் கட்டிவிடுவதே மலிவு எனக் கண்ட ஊர்களும் இருந்தன. அதனால் பிற்காலத்தில் அபராதத் தொகையை உயர்த்த வேண்டியதாயிற்று. ஆயினும் ஒரு செய்தி ஐயத்திற்கு இடமின்றித் தெளிவாக உள்ளது. அங்குக் கணக்குக் கேட்கப்பட்டவர்கள் பெரியோர். பிள்ளைக்குக் கல்வி இல்லையெனில் குற்றவாளிக் கூண்டில் நின்றது ஊர்.

1780ஆம் ஆண்டில், ஜான் ஆடம்ஸ் என்பாரின் கைவண்ணத்தில் உருவான மாநில அரசியலமைப்பு இதனை மேலும் உறுதிசெய்தது. கல்வியையும் பள்ளிகளையும் பேணிப் பாதுகாப்பது சட்டமன்றத்திற்கும் ஆட்சியாளருக்கும் உரிய கடமை என்று அதன் ஐந்தாம் அதிகாரம் விதிக்கிறது. அமெரிக்கக் கூட்டாட்சியின் அரசியலமைப்பிலோ கல்வி என்னும் சொல்லே இல்லை. அப்பொறுப்பு மாநிலங்களுக்கே விடப்பட்டது. மாநிலம் அதனை ஊர்களுக்கு விட்டது. ஊர்கள் வீட்டு வரியையும் நிலவரியையும் கொண்டு பள்ளிகளை நடத்தின. செல்வர் வாழும் ஊரில் சிறிய வரி விகிதமே பெருந்தொகையைத் தந்தது. ஆலைகள் மூடப்பட்ட ஊரிலோ பெரிய வரி விகிதமும் சிறுதொகையையே தந்தது. 1980இல் மக்கள் வாக்கினால் சொத்துவரிக்கு உச்சவரம்பு விதிக்கப்பட்டபின் ஏழை ஊர்களின் நிலை இன்னும் இறுகிற்று. இவ்வேற்றத்தாழ்வை எதிர்த்து 1978இல் தொடங்கப்பட்ட வழக்கு பதினைந்து ஆண்டுகள் இழுபட்டது. இறுதியில் 1993 ஜூன் 15 அன்று மாநில உச்ச நீதிமன்றம் மெக்டஃபி வழக்கில் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பில் உள்ள அந்தப் பழைய வாசகம் வெறும் அலங்காரமன்று, கட்டாயக் கடமை. ஏழை செல்வர் என்ற வேறுபாடின்றி ஒவ்வோர் ஊரிலும் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் தக்க கல்வி அளிக்க மாநிலமே கடமைப்பட்டுள்ளது. அக்கடமையில் அது தவறிவிட்டது என்பதே தீர்ப்பு. மூன்று நாள்களுக்குப் பின், ஜூன் 18 அன்று, ஆளுநர் வில்லியம் வெல்ட் கல்விச் சீர்திருத்தச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அச்சட்டம் ஓர் உடன்படிக்கையின் உருவில் அமைந்தது. ஒரு பக்கம், ஒவ்வோர் ஊரின் பள்ளிகளுக்கும் குறைந்தபட்சம் இவ்வளவு பணம் தேவை என்று கணித்து, ஊரால் இயலாத பங்கை மாநிலம் தருவதாக வாக்களித்தது. அடிப்படைச் செலவுத் திட்டம் எனப்பட்ட இவ்வேற்பாடு ஏழு ஆண்டுகளில் நிறைவேற வேண்டும் என்றும் விதித்தது. மறுபக்கம், மாநிலம் முழுமைக்கும் பொதுவான பாடத்தரம், அதை அளக்கும் தேர்வு, பத்தாம் வகுப்பில் அத்தேர்வில் தேறாதோர்க்கு உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழ் இல்லை என்னும் நிபந்தனை. பணம் முன்னே செல்லும். தரம் பின்னே கேட்கப்படும். இந்த ஒழுங்கு நேர்மையானது என்றே கூற வேண்டும். தாலந்து உவமையில் எசமான் கணக்குக் கேட்கத் திரும்பி வருமுன் ஒவ்வொருவனுக்கும் அவனவன் திறமைக்குத் தக்கதைக் கொடுத்துவிட்டுத்தான் பயணம் போகிறான்.

தேர்வு 1998இல் தொடங்கியது. 2003இல் பள்ளியை முடிப்போரிலிருந்து ஆங்கிலத்திலும் கணிதத்திலும் தேர்ச்சி கட்டாயம் என அறிவிக்கப்பட்டது. 200 முதல் 280 வரை அமைந்த அளவுகோலில் 220 பெற்றால் போதுமானதாயிருந்தது. தவறியவர் மீண்டும் எழுதலாம். 2000ஆம் ஆண்டில் பத்தாம் வகுப்புக் கணிதத்தில் தவறியோர் நூற்றுக்கு 45 பேர். 2001இல் அவ்வெண்ணிக்கை 25ஆகக் குறைந்தது. இவ்வீழ்ச்சியைச் சட்டத்தின் ஆதரவாளர் வெற்றி முரசாகக் கொட்டினர். ஆனால் 2001இல் எழுதியவர்களே தேர்வினால் சான்றிதழை இழக்கக்கூடிய முதல் அணியினர் என்பதை மறக்கலாகாது. பொருட்படுத்தாமல் எழுதியவரும் அஞ்சி எழுதியவரும் வெவ்வேறு மதிப்பெண் பெறுவது இயல்பு. ஓராண்டில் கணித அறிவு அத்துணை பெருகிற்று என்று நம்புவதற்கு ஆசிரியப் பணியில் இருந்த எவரும் தயங்குவர்.

எனினும் சட்டத்தினால் விளைந்த நன்மையை மறைப்பது நேர்மையாகாது. மாநிலங்களை ஒப்பிடும் தேசிய மதிப்பீட்டில் 2005ஆம் ஆண்டு மாசச்சூசெட்ஸ் பிள்ளைகள் நான்காம், எட்டாம் வகுப்புகளின் வாசிப்பிலும் கணிதத்திலும் முன்னணி இடத்தைப் பெற்றனர். அது இம்மாநிலம் தானே வகுத்துத் தானே திருத்திய தேர்வன்று என்பதால் அம்முடிவுக்கு மதிப்பு மிகுதி. ப்ராக்டன் என்னும் ஊரின் உயர்நிலைப் பள்ளி அக்காலத்தில் நாலாயிரத்திற்கும் மேற்பட்ட மாணவரைக் கொண்டிருந்தது. அவர்களில் மிகுதியானோர் ஏழைகள். முதல் தேர்வுகளில் அப்பள்ளி படுதோல்வி கண்டது. அதன்பின் ஆசிரியர் சிலர் கூடி, வாசிப்பும் எழுத்தும் பேச்சும் சிந்தனையும் எல்லாப் பாட வகுப்புகளிலும் பயிற்றப்பட வேண்டும் என்று முடிவு செய்தனர். உடற்பயிற்சி ஆசிரியரும் அதற்கு விலக்கல்லர். சில ஆண்டுகளில் அப்பள்ளி நாட்டின் கவனத்தை ஈர்க்கும் அளவுக்கு உயர்ந்தது. தேர்வு இல்லாதிருந்தால் அந்த ஆசிரியர்கள் கூடியிருப்பார்களா என்பது ஐயமே. ஏழைப் பிள்ளைக்குக் குறைந்த கல்வியே போதும் என்று மனதுக்குள் தீர்மானித்துவிட்டு, இரக்கத்தின் பெயரால் அதற்கும் ஒரு சான்றிதழை அளித்து அனுப்பும் பழக்கம் எங்கும் உண்டு. தேர்வு அப்பழக்கத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. தேர்வே கொடுமை என்று மட்டும் பேசும் விமர்சகர் இதற்கு விடை கூறுவதில்லை.

ஆயின் சட்டத்தின் குறை எங்கே? தேர்வுத் தாளில் அன்று. உடன்படிக்கையின் இரு பக்கங்களும் ஒரே அளவுகோலால் நிறுக்கப்படாமையில் அது உள்ளது. இதனை மிகத் தெளிவாகக் காட்டுவது ஹான்காக் வழக்கு.

மெக்டஃபி தீர்ப்புக்குச் சில ஆண்டுகள் கழித்து ஏழை ஊர்களின் மாணவர் மீண்டும் நீதிமன்றத்தை நாடினர். ப்ராக்டன், லோவல், ஸ்பிரிங்ஃபீல்டு, விஞ்செண்டன் ஆகிய நான்கு ஊர்களின் நிலை எடுத்துக்காட்டாக ஆராயப்பட்டது. கீழ் நீதிமன்றத்தின் நீதிபதி மார்கட் பாட்ஸ்ஃபோர்டு பல மாதங்கள் சாட்சிகளை விசாரித்து, 2004ஆம் ஆண்டு விரிவான அறிக்கை அளித்தார். மாநிலம் தானே வகுத்த பாடத்தரத்தை இந்த ஊர்களின் பள்ளிகளால் கற்பிக்க இயலவில்லை. அதற்கு வேண்டிய வசதியும் பணமும் அவற்றிடம் இல்லை என்பது அவர் கண்ட முடிவு. அடிப்படைச் செலவை மாநிலம் மறுபடியும் கணிக்க வேண்டும் என்று அவர் பரிந்துரைத்தார். 2005 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்னும் பெரும்பான்மையில் அப்பரிந்துரையை ஏற்க மறுத்தது. குறைகள் இருப்பதை எவரும் மறுக்கவில்லை. ஆனால் சட்டமன்றமும் ஆளுநரும் 1993 முதல் உண்மையான முயற்சி செய்துவருகின்றனர். நிலைமை மெல்ல முன்னேறுகிறது. ஆகவே அரசு தன் அரசியலமைப்புக் கடமையை மீறியதாகக் கொள்ள இயலாது என்று தலைமை நீதிபதி மார்கரெட் மார்ஷல் எழுதிய தீர்ப்புரை கூறிற்று.

இவ்விரு அளவுகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். 218 மதிப்பெண் பெற்ற ப்ராக்டன் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்க. அவள் உண்மையாக முயன்றாள், ஆண்டுதோறும் முன்னேறினாள் என்பதற்காக அவளுக்குச் சான்றிதழ் கொடுக்கப்படவில்லை. 220 என்னும் கோட்டைத் தாண்டினாளா என்பதே கேள்வி. அவளைக் கற்பிக்கக் கடமைப்பட்ட மாநிலத்திற்கோ கோடு இல்லை. முயற்சியே தேர்ச்சியாகக் கருதப்பட்டது. நீதிமன்றம் சட்டமன்றத்தின் வரவுசெலவில் தலையிடத் தயங்கியதற்கு நியாயமான காரணங்கள் உண்டு; ஆட்சித் துறைகளின் எல்லைப் பிரிவு சிறிய காரியமன்று. ஆனால் விளைவு, வலியவனுக்கு ஒரு படியும் எளியவனுக்கு வேறொரு படியுமாக முடிந்தது. நியாயப்பிரமாணம் பையில் பெரிதும் சிறிதுமான இருவகை நிறைகற்கள் இருப்பதைத் தடை செய்வது (உபாகமம் 25:13) வணிகர் தெருவுக்கு மட்டும் உரியதன்று.

மத்தியில் இயற்றப்பட்ட சட்டம் இக்கோணலைப் பெரிதாக்கிற்று. 2002 ஜனவரியில் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட, எந்தப் பிள்ளையும் பின்தங்கலாகாது என்று பொருள்படும் பெயர்கொண்ட சட்டம், மூன்றாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் தேர்வையும், 2014ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு நூறு தேர்ச்சியையும் கோரிற்று. தேர்ச்சி எது என்று வரையறுக்கும் உரிமை மாநிலங்களிடமே இருந்தது. ஆகவே தரத்தைத் தாழ்த்திய மாநிலம் நல்ல பெயர் பெற, தரத்தை உயர்த்தி வைத்திருந்த மாசச்சூசெட்ஸ் பள்ளிகள் பல தவறியவை எனக் குறிக்கப்பட்டன. இலக்கு எட்டாக்கனியாகவே, 2012இல் மாசச்சூசெட்ஸ் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2015இல் வேறு சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. ஆண்டுத் தேர்வு மட்டும் நிலைத்துவிட்டது. இதனிடையே, 2010ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழி, மதிப்பெண் குறைந்த ஊர்ப் பள்ளிகளை மாநிலமே ஏற்று நடத்தும் முறை மாசச்சூசெட்ஸில் வலுப்பெற்றது. லாரன்ஸ், ஹோலியோக், சவுத்பிரிட்ஜ் என்பவை அவ்வாறு ஏற்கப்பட்டன. மூன்றும் ஏழை ஊர்கள். முன்னைய இரண்டிலும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இலத்தீன் அமெரிக்கக் குடும்பங்களைச் சேர்ந்தவர். அங்குள்ள மக்கள் தேர்ந்தெடுத்த பள்ளிக் குழுக்கள் அதிகாரம் இழந்தன.

இந்நிலையில் தாலந்து உவமையைவிட யாத்திராகமம் ஐந்தாம் அதிகாரமே பொருந்தி வருகிறது. செங்கல்லின் தொகையைக் குறைக்காமல் வைக்கோலை நிறுத்திவிடுகிறான் பார்வோன். அடிபடுகிறவர்கள் யார் என்று நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. பார்வோனின் ஆளோட்டிகள் அல்லர். தம் மக்களை வேலை வாங்கும்படி இஸ்ரவேலருக்குள்ளேயே ஏற்படுத்தப்பட்ட தலைவர்கள். அவர்கள் பார்வோனிடம் முறையிட்டபோது கிடைத்த விடை, நீங்கள் சோம்பலாயிருக்கிறீர்கள் என்னும் பொருளது. ஏழை ஊரின் தலைமையாசிரியர் நிலை இதுவே. ஆனால் ஒப்புமையை எல்லை மீறி இழுக்கலாகாது. மாசச்சூசெட்ஸ் வைக்கோலை அடியோடு நிறுத்தவில்லை. 1993க்குப் பின் ஏழை ஊர்களுக்குப் பெருந்தொகை அனுப்பியதும் உண்மை. தொகை நிர்ணயிக்கப்பட்டபின் செலவு வளர்ந்தது, கணிப்பு வளரவில்லை. 2015இல் மாநிலமே அமைத்த ஆய்வுக் குழு, ஆசிரியர்க்கான மருத்துவக் காப்பீடு, உடல் மனக் குறையுடையோர்க்கான சிறப்புக் கல்வி, ஏழைப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தாய்மொழியல்லாத பிள்ளைகளுக்கும் ஆகும் கூடுதல் செலவு ஆகியவை குறைத்தே கணிக்கப்பட்டிருந்தன என்று ஒப்புக்கொண்டது. அவ்விடைப்பட்ட ஆண்டுகளில் தேர்வு எழுதித் தவறியவர்களின் சான்றிதழைப் பற்றி அவ்வறிக்கை ஒன்றும் கூறவில்லை.

பணத்தையும் மதிப்பெண்ணையும் முடிச்சுப் போடும் ஏற்பாடு நம் மண்ணுக்கும் பழையதே. இங்கிலாந்தில் 1862இல் ராபர்ட் லோ கொண்டுவந்த விதிமுறைப்படி, ஆய்வாளர் முன் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் தேறிய தலைகளை எண்ணிப் பள்ளிக்கு மானியம் வழங்கப்பட்டது. பள்ளி ஆய்வாளராயிருந்த மேத்யூ ஆர்னால்டு அதை முதலிலிருந்தே எதிர்த்தார். அம்முறை 1860களில் சென்னை மாகாணத்திற்கும் வந்து, மிஷன் பள்ளிகளும் அதன்கீழ் மானியம் பெற்றன. 1904ஆம் ஆண்டு இந்திய அரசின் கல்விக் கொள்கைத் தீர்மானம் அதைக் கைவிடச் செய்தது. முறை ஒழிந்தாலும் மனப்பான்மை ஒழிந்ததாகத் தெரியவில்லை. ஒன்பதாம் வகுப்பிலேயே பின்தங்கியவரின் பெற்றோரை அழைத்து மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு, பத்தாம் வகுப்பில் நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்று பள்ளி வாயிலில் பதாகை கட்டும் வழக்கத்தை நம் ஆயர்கள் அறிவர். அவர்களுள் பலர் தாளாளர்களும் ஆவர். அங்கும் கணக்கு ஒப்புவிக்கப்படுகிறது. ஒப்புவிப்பவர் அனுப்பப்பட்ட அந்தப் பிள்ளையே.

மாசச்சூசெட்ஸுக்குத் திரும்புவோம். 2019 நவம்பரில் ஆளுநர் சார்லி பேக்கர் கையெழுத்திட்ட சட்டம், 2015ஆம் ஆண்டுக் குழுவின் கணிப்பை ஏற்று, ஏழு ஆண்டுகளில் 150 கோடி டாலர் கூடுதல் நிதிக்கு வழிசெய்தது. ஏழைப் பிள்ளைகள் மிகுந்த ஊர்களுக்கு மிகுதியான பங்கு. இது 1993இல் செய்த வாக்குறுதியைப் புதுப்பித்தல் என்றே கொள்ளலாம். பின்னர், 2024 நவம்பர் 5 அன்று, மக்கள் தம் நேரடி வாக்கினால், பள்ளிச் சான்றிதழுக்கு மாநிலத் தேர்வில் தேற வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்கினர். நூற்றுக்கு ஏறத்தாழ 59 பேர் நீக்கத்திற்கு ஆதரவாக வாக்களித்தனர். ஆசிரியர் சங்கம் இதனைப் பெருவெற்றியாகக் கொண்டாடிற்று.

நாம் அக்கொண்டாட்டத்தில் முழுமனத்தோடு பங்குகொள்ள இயலவில்லை. தரப்படாததைக் கேட்டுப் பிள்ளையைத் தண்டிப்பது நின்றது. அம்மட்டில் அது நீதியே. ஆனால் இப்போது சான்றிதழுக்குரிய தரத்தை அந்தந்த ஊர்ப் பள்ளிக் குழுவே உறுதிசெய்கிறது. செல்வர் ஊரின் சான்றிதழுக்கும் ஆலைகள் மூடிய ஊரின் சான்றிதழுக்கும் இடையே உள்ள வேறுபாடு மீண்டும் பார்வையிலிருந்து மறைந்துவிடக்கூடும். தேர்வைச் சாட்சியாக வைத்துக்கொண்டு, அச்சாட்சியத்தின் பேரில் மாநிலத்தை விசாரிக்கும் வழி ஒன்று இருந்தது. 1642இன் ஆணை அதைத்தான் செய்தது: பிள்ளையின் வாசிப்பு சோதிக்கப்பட்டது, தண்டம் பெரியோருக்கு விதிக்கப்பட்டது. 2024இல் வாக்காளர் முன் வைக்கப்பட்ட வினாவில் அப்படியொரு வழி இடம்பெறவில்லை.

மத்தியச் சட்டத்தின் கட்டாயத்தால் தேர்வு இன்னும் ஆண்டுதோறும் நடைபெறுகிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி ஊர்ப் பள்ளிக் குழுக்கள், பின்தங்கிய பிள்ளைகளை உயர்த்தும் திட்டத்தை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மாநிலத்திடம் அளிக்க வேண்டும். மாநிலம் தன் பங்கில் தவறினால் ஊர்கள் செய்யத்தக்கது யாதென்று அச்சட்டம் கூறவில்லை. ப்ராக்டன் பெற்றோர் மூன்றாம் முறையும் நீதிமன்றத்தின் படியேறுவாராயின், 2005ஆம் ஆண்டின் தீர்ப்பே அவர்களுக்கு எதிரே நிற்கும்.